கருக்காலத்தில் தீனி 30 சதவீதம் குறைந்தால் கேடு, வளர்ந்தபின் குறைந்தால் நன்மை: குரங்கு மூளை ஆய்வுகளை எப்படி வாசிப்பது?

#1 கீற்று

வணக்கம். இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன், ஒரு முடிச்சு அவிழவில்லை. விஸ்கான்சினில் 1989இல் தொடங்கிய ரீசஸ் குரங்கு ஆய்வில், வளர்ந்த குரங்குகளுக்குத் தீனியை 30 சதவீதம் குறைத்தார்கள். 2009இல் வந்த முடிவின்படி அவற்றின் மூளையில் சில பகுதிகள் மற்றக் குரங்குகளைவிடக் குறைவாகத்தான் தேய்ந்திருந்தன. டெக்சாஸின் சான் அன்டோனியோவில் சினைப் பபூன்களுக்கும் அதே 30 சதவீதம் குறைத்தார்கள். அவற்றுக்குப் பிறந்த பெண் குட்டிகளை 4 முதல் 7 வயதில் எம்ஆர்ஐ எடுத்தபோது, மூளை வயதுக்கு மீறி 2.7 ஆண்டு மூத்துத் தெரிந்ததாம் (2017).

அதே 30 சதவீதம் ஓரிடத்தில் மருந்து, இன்னோரிடத்தில் நஞ்சா? மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் இதில் எங்கே நுழைகிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பனங்காடு

முதலில் அந்த 30ஐப் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே 30 இல்லை.

விஸ்கான்சினில் ஒவ்வொரு குரங்கும் இயல்பாக எவ்வளவு தின்கிறது என்று நிறுத்துப் பார்த்து, அதிலிருந்து மாதத்துக்கு 10 சதவீதமாக மூன்று மாதத்தில் 30ஐக் குறைத்தார்கள். குறைத்தது கலோரியை மட்டும். குறைப்புக் குழுவின் தீனியில் வைட்டமினும் தாதுக்களும் கூட்டப்பட்டிருந்தன. வளர்ச்சி முடிந்த விலங்கு, சத்துக் குறையாத தீனி.

சான் அன்டோனியோவில் அப்படியில்லை. கட்டுப்பாட்டுக் குழுத் தாய்கள் (ஒப்பீட்டுக்காக வழக்கம்போல் தின்னவிட்டவை) சினையின் அதே கட்டத்தில் உடல் எடை கிலோவுக்கு எவ்வளவு தின்றனவோ அதில் 70 சதவீதம். குரங்குத் தீனி பிஸ்கட் அதேதான், அளவு மட்டும் குறைவு. ஆகவே கலோரியோடு புரதம், இரும்பு, துத்தநாகம் என்று எல்லாமே 30 சதவீதம் குறைந்தன. தொடங்கியது கருவின் சுமார் 30ஆம் நாளில் (பபூனின் கருக்காலம் ஏறக்குறைய 180 நாள்), பிரசவத்துக்குப் பின் பாலூட்டும் காலத்திலும் தொடர்ந்தது. மூளை உருவாகிக்கொண்டிருக்கும் காலம் முழுக்க மூலப்பொருள் தட்டுப்பாடு.

2011இல் இதே மாதிரியில் கருக்காலத்தின் பாதியில், 90ஆம் நாளில், கருவின் மூளையை ஆராய்ந்தார்கள். கருவின் எடையில் பெரிய வித்தியாசமே இல்லை. ஆனால் நரம்பு வளர்ச்சிக் காரணிகள் குறைந்திருந்தன, செல் பெருக்கத்துக்கும் சாவுக்கும் இடையிலான சமநிலை குலைந்திருந்தது, நரம்பணுக்களுக்குத் துணைநிற்கும் கிளியா செல்களின் முதிர்ச்சி தடைபட்டிருந்தது. பிறப்பு எடையை மட்டும் வைத்து "குட்டி நல்லா இருக்கு" என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இன்னொன்று: வளர்ந்தபின் குறைத்தால் நன்மை என்பதும் அப்படியே நிற்கவில்லை. அமெரிக்க தேசிய முதுமை நிறுவனத்தின் இணை ஆய்வில் (முடிவு 2012) ஆயுள் கூடவில்லை. அங்கே கட்டுப்பாட்டுக் குழுவுக்கே அளந்துதான் போட்டார்கள். தீனியில் சர்க்கரை 4 சதவீதத்துக்கும் கீழே, விஸ்கான்சினில் 28 சதவீதத்துக்கு மேல். எதோடு ஒப்பிடுகிறோம் என்பதிலேயே பாதி முடிவு அடங்கியிருக்கிறது.

#3 நிறுவை

பனங்காடு சொன்ன 70 சதவீதத்தை நடைமுறையில் பிடித்து வைப்பது லேசில்லை. பபூன் கூட்டமாக வாழும் விலங்கு. தனிக் கூண்டில் அடைத்து வளர்த்தால் அதுவே மன அழுத்தமாகி கார்டிசால் கணக்கைக் கெடுக்கும். கூட்டத்தோடு விட்டால் வலுத்த பெண் இளைத்ததன் பங்கையும் பிடுங்கிவிடும். அதனால் நாள் முழுக்க வெளிக்கூட்டில் கூட்டமாக விட்டு, தீனி நேரத்தில் மட்டும் ஒடுங்கிய நடைவழியாக அனுப்பி, ஒவ்வொன்றையும் ஒரு தனிக் கூண்டில் நிறுத்தி, எடை போட்ட பிஸ்கட்டைக் கொடுக்கிற முறையைத்தான் அங்கே உருவாக்கினார்கள்.

பிழை நுழைவது சிந்துவதில். உதாரணக் கணக்கு ஒன்று: கட்டுப்பாட்டுக் குழு கிலோவுக்கு 15 கிராம் எடுக்கிறது என்று பதிவேட்டில் இருக்கிறது. 16 கிலோத் தாய்க்கு 16 × 15 × 0.7 = 168 கிராம். இப்போது கட்டுப்பாட்டுக் குழு உண்மையில் பத்தில் ஒரு பங்கைத் தூளாக்கிக் கீழே தள்ளியிருக்கிறது, யாரும் அதைக் கூட்டி நிறுக்கவில்லை என்று வையுங்கள். அவை உண்மையில் தின்றது 13.5 கிராம். பசித்த தாயோ ஒரு துணுக்கு விடாமல் 10.5 கிராமையும் தின்னும். 10.5ஐ 13.5ஆல் வகுத்தால் 78 சதவீதம். நீங்கள் 30 குறைத்ததாக எழுதுகிறீர்கள், குறைந்தது 22தான். மாறாக, பசித்த குரங்கு சிந்தி நீங்கள் கவனிக்காவிட்டால் குறைப்பு 37 வரை போகும்.

தட்டின் கீழே விழுந்த தூளைக் கூட்டி, உலர்த்தி, அப்புறம்தான் நிறுக்க வேண்டும். சிறுநீரும் கழுவு நீரும் ஊறிய பிஸ்கட் தூள் எடை கூடிக் காட்டும். கன்னப்பையில் அடைத்துக்கொண்டு போவதைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். அதில் பெரிய பிழை வராது, பெரும்பாலும் அதுவே பிறகு மென்று விழுங்கிவிடும்.

வைட்டமின் சி பற்றி ஒரு வரி. எலி தன் ஈரலிலேயே அதைத் தயாரித்துக்கொள்ளும், குரங்குக்கும் நமக்கும் அது முடியாது. பிஸ்கட் மூட்டை வெக்கையில் மாதக்கணக்கில் கிடந்தால் முதலில் போவது அந்த வைட்டமின்தான். குறைப்புக் குழுவுக்கு ஏற்கெனவே 30 சதவீதம் குறைவு, அதற்கு மேல் பழைய மூட்டை என்றால் நீங்கள் ஆராய்வது கலோரிக் குறைவையா, வைட்டமின் குறைவையா?

#4 கீற்று

நன்றி நிறுவை அண்ணே, இந்தக் கணக்கு எந்தக் கட்டுரையிலும் கண்ணில் படவில்லை. அந்த 2.7 ஆண்டு எப்படி வந்தது? மூளைக்கு வயது எப்படிச் சொல்கிறார்கள்?

#5 வோக்சல்

முறையின் பெயர் பிரெயின்ஏஜ். முதலில் மனிதர்களுக்காக உருவாக்கி, பிறகு பபூனுக்கு மாற்றினார்கள். எம்ஆர்ஐ படத்தில் மண்டையோட்டை நீக்கி, நரம்பணுக்கள் உள்ள சாம்பல்நிறப் பொருள், இணைப்பு இழைகள் உள்ள வெண்பொருள் என்று பிரித்து, பொது வார்ப்பு ஒன்றின் மேல் பொருத்தி, முதன்மைக் கூறுகளாகச் சுருக்குவார்கள். பல வயதுகளில் உள்ள ஆரோக்கியமான குரங்குகளின் படங்களைக் கொடுத்து, படத்திலிருந்து வயதைக் கணிக்க நிரலைப் பழக்குவார்கள். புதுக் குரங்கின் படத்துக்கு நிரல் சொல்லும் வயதிலிருந்து உண்மை வயதைக் கழித்தால் வருவதுதான் மதிப்பெண். +2.7 என்றால் 5 வயதுக் குரங்கின் மூளை 7.7 வயதுக்காரியின் மூளைபோல் இருக்கிறது என்று பொருள்.

எங்கே சறுக்கும்?

மண்டையோட்டை நீக்கும் கட்டத்திலேயே சறுக்கும். பபூனுக்குப் பொட்டெலும்பின் மேல் மெல்லுந்தசை தடித்துக் கிடக்கும். மனிதத் தலைக்கு எழுதிய நிரலை அப்படியே ஓடவிட்டால் தசையை மூளை என்றோ, மூளை விளிம்பைத் தசை என்றோ எடுத்துக்கொள்ளும். ஆண் பபூனில் இது இன்னும் மோசம். பபூனுக்கென்றே 89 விலங்குகளின் படங்களைச் சராசரியாக்கி செய்த வார்ப்பு 2016இல் வந்தது, அதுபோன்ற ஒன்றைத்தான் பயன்படுத்த வேண்டும். அப்படியும் ஒவ்வொரு படத்தையும் கண்ணால் பார்க்காமல் அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது.

அடுத்தது வயதுச் சாய்வு. இந்த வகைக் கணிப்பு நிரல்கள் எல்லாமே சராசரி வயதை நோக்கி இழுக்கும். இளசை மூத்ததாகவும் கிழடை இளையதாகவும் காட்டும். 4 முதல் 7 வயது என்பது பபூன் ஆயுளின் தொடக்கப் பகுதி, சாய்வு மேல்நோக்கி இருக்கும் இடம். இரு குழுவின் வயதும் ஒத்திருந்தால் சாய்வு இரண்டிலும் ஒன்றாக இருந்து கழிந்துபோகும். ஒரு குழு சராசரியாக அரை வயது இளையதாக இருந்தாலே பொய் வித்தியாசம் எழும்.

எனக்கு உறுத்துவது மூன்றாவது. மனிதக் கணக்கில் 14 முதல் 24 வயதுக்குச் சமமான பருவம் இது. இந்தப் பருவத்தில் சாம்பல்நிறப் பொருள் குறைவது முதுமையால் இல்லை, தேவையற்ற இணைப்புகள் கழித்துவிடப்படும் இயல்பான வளர்ச்சி. கருவில் பட்ட அடியால் முதலிலிருந்தே கொஞ்சம் குறைவாக உருவான மூளையும் இதே நிரலுக்கு "மூத்ததாக" தெரியும். வேகமாகத் தேய்கிறதா, குறைவாகவே கட்டப்பட்டதா என்பதை ஒரே ஒரு ஸ்கேனை வைத்துச் சொல்ல முடியாது. அதே குரங்கை 10, 15 வயதில் மறுபடி எடுத்து, இடைவெளி விரிகிறதா என்று பார்க்க வேண்டும். 2.7 என்பது 2.7ஆகவே நின்றால் அது பழைய தழும்பு. 5 ஆனால் முதுமை. குழுக்கள் சின்னவை என்பதையும் மறக்கக் கூடாது.

#6 மந்தி

வோக்சல் சொன்ன மூன்றாவதை ஒப்புக்கொள்கிறேன். கார்டிசால் பக்கம் வருகிறேன்.

தாயின் ரத்தத்தில் ஓடும் கார்டிசால் அப்படியே கருவுக்குப் போவதில்லை. நஞ்சுக்கொடியில் பதினொன்று-பீட்டா-ஹெச்எஸ்டி-2 என்ற நொதி காவல் நிற்கிறது. கார்டிசாலைச் செயலற்ற கார்டிசோனாக மாற்றிவிடும். தாய்க்குப் புரதம் குறைந்தால் இந்தக் காவல் தளர்வதை எலியில் 1990களிலேயே காட்டினார்கள். சத்துக் குறைவும் மன அழுத்தமும் கருவுக்குள் ஒரே வாசலில் வந்து சேர்வது இங்கேதான். பட்டினி கிடக்கும் தாய்க்குக் கார்டிசால் ஏறும், அதே பட்டினி காவலையும் பலவீனமாக்கும்.

ஆனால் இதன் அண்ணன்-தம்பி போன்ற பதினொன்று-பீட்டா-ஹெச்எஸ்டி-1 எதிர்வேலை செய்யும். திசுவுக்குள்ளேயே கார்டிசோனைப் பிடித்து மறுபடி கார்டிசாலாக்கும். சான் அன்டோனியோ பபூன் கருக்களின் ஈரலிலும் கொழுப்பிலும் இந்தக் கார்டிசால் மாற்றத்துக்கான மரபணுக்கள் ஆண், பெண் என்று வேறுபட்டு மாறியதை 2013இல் காட்டினார்கள். ஆக, ரத்தத்தில் கார்டிசால் இயல்பு என்று வந்தாலும் திசுவுக்குள் இயல்பு என்று சொல்ல முடியாது.

எலிப் பாடத்தைக் குரங்குக்கு அப்படியே பொருத்துவதும் ஆபத்து. எலியில் ஞாபகத்துக்கான மூளைப்பகுதியான ஹிப்போகாம்பஸ் முழுக்கக் குளுக்கோகார்ட்டிகாய்டு (கார்டிசால் வகை ஹார்மோன்) ஏற்பிகள். கார்டிசால் கூடினால் அந்தப் பகுதி சுருங்கும், ஞாபகம் குறையும் என்ற பாடநூல் வாக்கியம் அங்கிருந்து வந்தது. ரீசஸ் மூளையில் 2000இல் தேடியபோது ஹிப்போகாம்பஸில் அந்த ஏற்பி மிகச் சொற்பம். கார்டிசால் ஒட்டும் இன்னொரு வகையான மினரலோகார்ட்டிகாய்டு ஏற்பிதான் அங்கே நிறைய, முன்நெற்றிப் புறணியிலோ குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பி தாராளம். குரங்கில் மன அழுத்தத்தின் தடத்தைத் தேடுபவர்கள் ஹிப்போகாம்பஸ் கனஅளவை மட்டும் அளந்துவிட்டுப் போவது, சாவியைத் தெருவிளக்கின் கீழே மட்டும் தேடுவது மாதிரி.

#7 கீற்று

ஆனால் மந்தி அக்கா, கருக்குரங்குக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற செயற்கை ஸ்டீராய்டைக் கொடுத்து ஹிப்போகாம்பஸ் சிதைந்ததாக ஓர் ஆய்வு இருக்கிறதே? குறைமாதப் பிரசவம் வரும் தாய்மார்களுக்கும் அதே ஊசியைத்தானே போடுகிறார்கள்?

#8 மந்தி

இருக்கிறது, 1990. ரீசஸ் தாய்களுக்குக் கருவின் 132, 133ஆம் நாள் வாக்கில் கிலோவுக்கு 5 மி.கி. கொடுத்தார்கள். ஹிப்போகாம்பஸ் நரம்பணுக்கள் சிதைந்தன. அதே 5ஐ 12 மணி நேர இடைவெளியில் 1.25 வீதம் நான்காகப் பிரித்துக் கொடுத்தபோது சேதம் இன்னும் கூடுதல். டெக்ஸாமெத்தசோனை அந்தக் காவல் நொதியால் சரியாகப் பிடிக்க முடியாது, நேரே உள்ளே போய்விடும். குறைமாதக் குழந்தையின் நுரையீரலை முதிரவைக்க அதைத் தேர்ந்தெடுப்பதும் இதனால்தான்.

அளவைப் பாருங்கள். மகப்பேறு மருத்துவத்தில் வழக்கமான ஒரு சுற்று: 6 மி.கி. வீதம் 12 மணிக்கொரு முறை நான்கு ஊசி, மொத்தம் 24 மி.கி. தாய் 60 கிலோ என்றால் கிலோவுக்கு 0.4 மி.கி. ரீசஸுக்குக் கொடுத்தது அதைப்போல் பன்னிரண்டு மடங்குக்கும் மேல். குறைமாதக் குழந்தையின் உயிரைக் காக்கும் ஊசி அது. இந்த ஆய்வைக் காட்டி யாரும் அதை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. இந்த இழையை இடையில் மட்டும் படித்துவிட்டு வாட்ஸப்பில் தூக்கிப் போடுகிறவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

#9 கொம்புத்தேன்

எல்லோரும் "எவ்வளவு" என்பதையே பேசுகிறீர்கள். எவ்வளவு என்பதே மாறாமல் மூளை மாறிய ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் வரும் குரங்கு நம் ஊர்க் குரங்கு. கோயில் வாசலிலும் குற்றாலத்திலும் பையைப் பறிக்கிறதே, தலையில் குல்லாய் வைத்தாற்போல் முடி வகிடு எடுத்த நாட்டுக் குரங்கு, அதுதான். தென்னிந்தியாவைத் தவிர வேறெங்கும் இயற்கையில் கிடையாது. நியூயார்க்கின் புரூக்ளினில் அதை வைத்துப் பல பத்தாண்டு ஆய்வு நடந்தது.

குட்டி தாயோடு ஒட்டியிருக்கும் பருவத்தில் தாய்களை மூன்று குழுவாக்கினார்கள். முதல் குழுவுக்குத் தீனி எப்போதும் சுலபமாகக் கிடைக்கும். இரண்டாம் குழு எப்போதும் மரச்சீவலுக்குள் கையை விட்டுத் துழாவித்தான் எடுக்க வேண்டும். மூன்றாம் குழுவுக்கு இரண்டு வாரம் சுலபம், இரண்டு வாரம் துழாவல் என்று மாற்றி மாற்றி. மூன்றிலும் யாரும் பட்டினி கிடக்கவில்லை.

குட்டிகள் வளர்ந்தபின் தண்டுவடத் திரவத்தை எடுத்துப் பார்த்தார்கள் (1996). மூன்றாம் குழுவின் குட்டிகளுக்கு மட்டும் சிஆர்எஃப் கூடியிருந்தது, மூளையிலிருந்து அட்ரினலை முடுக்கிவிடும் அந்த முதல் கட்டளை ஹார்மோன். அதே திரவத்தில் கார்டிசால் குறைந்திருந்தது. எப்போதும் உழைத்துத் தின்ற இரண்டாம் குழுவின் குட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தாயைத் தளர்த்தியது உழைப்பு இல்லை, நாளைக்கு எப்படியோ என்ற நிச்சயமின்மை.

சிஆர்எஃப் கூடி, கார்டிசால் குறைந்திருக்கிறது, கவனியுங்கள். கார்டிசால் மட்டும் அளந்திருந்தால் "மன அழுத்தமே இல்லை" என்று எழுதிவிட்டிருப்பார்கள்.

#10 நிறுவை

அப்படியானால் சான் அன்டோனியோத் தாய்களிடமும் அதே கேள்வியைக் கேட்கலாமே. குறைந்த தீனி தின்ற தாய் குட்டியை எப்படி அணைத்தது, எவ்வளவு நேரம் பால் கொடுத்தது? கருவில் குறைந்ததையும், பாலில் குறைந்ததையும், தாயின் போக்கு மாறியதையும் பிரிக்க வேண்டுமானால் பிறந்த குட்டிகளை இடம் மாற்றி வளர்க்க வேண்டும். பபூனில் அது எலிபோல் சுலபம் இல்லை, தாய் ஏற்காது.

#11 பனங்காடு

கூண்டுக்கு வெளியே, கென்யாவின் அம்போசெலியில் 1971 முதல் காட்டு பபூன்களைக் கவனித்துவருகிறார்கள். 196 பெண் பபூன்களை வைத்து 2016இல் வந்த கணக்கு: பிறந்த ஆண்டு வறட்சி, தாயின் தாழ்ந்த தரநிலை, தாய் இறப்பு, தாயின் தனிமை, நெருக்கடியான பெரிய கூட்டம், அடுத்த குட்டி சீக்கிரம் பிறப்பது என்ற ஆறில் மூன்றோ அதற்கு மேலோ அனுபவித்தவை, ஒன்றுமே படாதவற்றையும் ஒன்று மட்டும் பட்டவற்றையும்விட ஏறக்குறைய 10 ஆண்டு முந்தி இறந்தன. பிறகு வந்த ஆய்வுகளில், இளமையில் அடிபட்ட பெண்களுக்கு வளர்ந்தபின்னும் குளுக்கோகார்ட்டிகாய்டு சற்று உயர்ந்தே இருந்தது.

வறட்சி என்றால் உணவுக் குறைவு, தாய் இறப்பு என்றால் அச்சம். காட்டில் இரண்டும் பின்னிப்பிணைந்து வருகின்றன. ஆனால் அங்கே அளந்தது ஆயுளையும் சாணத்தில் வரும் ஹார்மோனையும், மூளையை இல்லை. "அம்போசெலியில் மூளை முதுமை நிரூபணம்" என்று எங்காவது படித்தால் நம்பாதீர்கள்.

#12 கீற்று

நெதர்லாந்துப் பஞ்சத்தில் (1944-45 குளிர்காலம்) கருவில் இருந்தவர்களையும் இதே பிரெயின்ஏஜ் முறையில் பார்த்தார்களே. அங்கே மூத்துத் தெரிந்தது ஆண்கள் மூளை, பபூனில் பெண். இது ஒன்றை ஒன்று வெட்டவில்லையா?

#13 வோக்சல்

வெட்டுகிறது என்று சொல்ல அவசரப்பட மாட்டேன். அங்கே படம் எடுத்தது 67 வயது வாக்கில், இங்கே இளமையில். அங்கே தொடக்கக் கருக்காலத்தில் மட்டும் சில மாதப் பஞ்சம், பிறகு நல்ல உணவு. இங்கே கருக்காலத்தின் பெரும்பகுதியும் பாலூட்டும் காலமும் மிதமான குறைவு. 67 வயதுவரை உயிரோடிருந்து ஸ்கேனுக்கு வந்தவர்கள் வடிகட்டப்பட்ட கூட்டம், அந்த வடிகட்டல் ஆணிலும் பெண்ணிலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, சின்னக் குழுவை ஆண், பெண் என்று இரண்டாக வெட்டினால் ஒரு பாதியில் மட்டும் முடிவு தேறுவது அடிக்கடி நடக்கும். "பெண்ணில் தேறியது, ஆணில் தேறவில்லை" என்பதும் "பெண்ணும் ஆணும் வேறு" என்பதும் ஒன்றில்லை. இரண்டாவதைச் சொல்ல வேறுபாட்டையே தனியாகச் சோதிக்க வேண்டும்.

#14 கொம்புத்தேன்

முதல் கேள்விக்கு ஒரு கொசுறு. பிரான்சின் புருநுவாவில் சாம்பல்நிறச் சுண்டெலி லீமர்களுக்கு வளர்ந்தபின் 30 சதவீதம் குறைத்தார்கள் (2018). இடைநிலை ஆயுள் 6.4இலிருந்து 9.6 ஆண்டாகக் கூடியது. மூளையின் சாம்பல்நிறப் பொருளோ கட்டுப்பாட்டுக் குழுவைவிட வேகமாகத் தேய்ந்தது. வெண்பொருள் மட்டும் மெதுவாகத் தேய்ந்தது, அறிவுத்திறனில் கெடுதல் தெரியவில்லை. கீற்று, உங்கள் கட்டுரையில் "வளர்ந்தபின் குறைத்தால் மூளைக்கு நல்லது" என்று ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள்.

#15 கீற்று

எழுத மாட்டேன். கடைசியாக ஒன்று: முடியில் கார்டிசால் அளக்கிறார்களே, ரத்தத்தைவிட அது நம்பகமா?

#16 மந்தி

கேள்வியைப் பொறுத்தது. ரத்தம் அந்த நிமிடத்தைச் சொல்லும். காலை 8 மணிக்கும் மாலை 4 மணிக்கும் கார்டிசால் ஒன்றாக இருக்காது, பிடிக்கப் போனாலே சில நிமிடத்தில் ஏறத் தொடங்கும். சாணம் ஒன்றிரண்டு நாள் முந்தைய நிலையைச் சொல்லும். முடி மாதக்கணக்கு.

பிடரியில் ஒரு திட்டு முடியை மழித்துவிட்டு, சில மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி வளர்ந்ததை மழித்தால் அந்த இடைக்கால அளவு கிடைக்கும். ஐசோபுரொப்பனாலில் இருமுறை, முறைக்கு மூன்று நிமிடம் அலச வேண்டும். வியர்வையும் அழுக்கும் போகத்தான் அது, அதிக நேரம் ஊறவிட்டால் உள்ளே இருப்பதும் கரைந்து வரும். நன்றாக உலர்ந்தபின் பந்து அரைவையில் பொடியாக்கி, 50 மி.கி. பொடிக்கு 1 மி.லி. மெத்தனால் விட்டு 24 மணி நேரம் சுழலவிட்டு, மெத்தனாலை ஆவியாக்கி, மீதியைச் சோதனைக் கரைசலில் கரைத்து அளப்பார்கள். கத்தரித்த முடியை அரைக்காமல் போட்டால் கார்டிசால் குறைவாகத்தான் வெளிவரும். ஒரு குழுவை அரைத்து இன்னொன்றை அரைக்காமல் போட்டால் முடிவைக் குப்பையில் போடலாம்.

பிறந்த குட்டியிடம் மட்டும் ஒரு தனி வசதி உண்டு. பிறந்த சில நாளுக்குள் எடுக்கும் முடி கருவிலேயே வளர்ந்தது. தாயின் பட்டினிக் காலத்துக் கருவின் கார்டிசாலைக் குட்டியைக் குத்தாமல் தெரிந்துகொள்ள அதுவே வழி. ஆனால் மூன்று மாதம் கழித்து எடுத்தால் கருமுடியும் புதுமுடியும் கலந்திருக்கும். அதனால் முதல் வாரத்திலேயே மழித்து, உறையில் போட்டு, தேதி எழுதி, வெளிச்சம் படாமல் வையுங்கள்.